“மருந்து வந்துவிட்டதாம்” என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியவை

(சங்கத்தின் மாதர் பிரிவு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள், விறகு பொறுக்குகிற நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கிளைக் கமிட்டிகளுக்கு உதவி கேட்டு வரும் கடிதங்களில் இப்போது இரண்டு வகை இருக்கிறது என்று செயலாளர் சொன்னார். ஒன்று, மகரகமவுக்குப் போய்வரப் பஸ் காசு கேட்கும் கடிதம். மற்றது, “புற்றுநோய்க்குப் புது மருந்து வந்திருக்கிறது, போத்தல் இவ்வளவு, ஊசி இவ்வளவு, சங்கம் சேர்த்துத் தர வேண்டும்” என்ற கடிதம். இரண்டாவது கடிதத்தில் தொகை எப்போதும் லட்சத்தில்தான். கமிட்டிக்காரர்கள் என்னைக் கேட்டார்கள்: “அக்கா, எது நிஜம், எது ஏமாற்று என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?”

நான் டொக்டர் இல்லை. வார்டில் மருந்து ஏற்றியவள், புண் கழுவியவள், இரவில் பக்கத்தில் உட்கார்ந்தவள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த மருந்து என்பதை அவரைப் பார்க்கிற டொக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லப்போவது, ஒரு செய்தி வந்தால் அதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதை மட்டும்.

நிறுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். 2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். அன்று இரவே லயத்தில் என்ன பேசினோம்? அதில் அடிப்படை எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு? எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? அரைப்பேர் போட்டால் என்ன கிடைக்கும்? எந்த மாதத்திலிருந்து? கம்பனிகள் நீதிமன்றம் போய், இழுபட்டு, செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபா என்று வந்து நின்றது. அறிவிப்பு வேறு, கையில் வாங்கும் சம்பளம் வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே ஆட்கள், நோய் என்று வந்ததும் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். பயம் வந்தால் எவருக்கும் அப்படித்தான்.

கேகாலைப் பாணி ஞாபகம் இருக்கிறதா? 2020 டிசம்பர். தேனும் சாதிக்காயும் போட்டுக் காய்ச்சிய பாணி, கொரோனாவைக் குணமாக்கும் என்றார்கள். காளியம்மன் சொல்லிக்கொடுத்த மருந்து என்று காய்ச்சியவரே சொன்னார். ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றது. அன்றைய சுகாதார அமைச்சரும் கமெராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதமே அவருக்கும் கொரோனா வந்தது. அதைச் சொல்லி நாம் சிரித்தோம். ஆனால் குடித்தவர்களில் பலர் “எனக்குச் சுகமானது” என்று சொன்னார்களே, அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் எதையும் குடிக்காமலே எழும்பிவிடுவார்கள். பாணி குடித்து எழும்பியவர் பாணியால் எழும்பினேன் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

இதை மலையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். ஒரு மலைக்குப் புது உரம் போடுகிறார்கள். அடுத்த ரவுண்டில் கொழுந்து அள்ளுகிறது. உரம் நல்லது என்று சொல்லிவிடலாமா? அந்த மாதம் நல்ல மழை பெய்திருந்தால், உரம் போடாத மலையிலும் கொழுந்து அள்ளியிருக்கும். ஆகவே பக்கத்தில் ஒரு மலையைப் பழைய உரத்தோடு விட்டு, இரண்டின் நிறுவையையும் பார்க்க வேண்டும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் செய்வது இந்த ஒப்புநோக்குத்தான். இன்னொரு விஷயமும் உண்டு. மண் நல்ல, இளம் செடி நிற்கிற மலைக்குப் புது உரத்தையும், கல்லும் கிழட்டுச் செடியும் உள்ள மலைக்குப் பழைய உரத்தையும் போட்டால் ஒப்பிட்டு என்ன பயன்? அதனால் எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மனிதருக்கும் அப்படியேதான். ஒரே மாதிரி நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் புது மருந்து, மற்றப் பக்கத்துக்கு இப்போது இருக்கிற நல்ல மருந்து கொடுத்து, வருடக்கணக்கில் பார்ப்பார்கள். எந்தப் பக்கத்தில் அதிகம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். இந்த எண்ணிக்கை வருவதற்கு முன்னால் “குணமாக்கும்” என்று சொல்பவர் யாராக இருந்தாலும், முந்திச் சொல்கிறார் என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்துக்கு வரும் மருந்துகளே குறைவு. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கும் புற்றுநோய் மருந்துகளில் இருபதில் ஒன்று போலத்தான் கடைசியில் அனுமதி பெறுகிறது. மற்றவை எல்லாம் ஒரு காலத்தில் “நம்பிக்கை தரும் புது மருந்து” என்று பத்திரிகையில் வந்தவைதான்.

இப்போது நம் தொலைபேசிகளில் சுற்றுகிற சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது முள்சீத்தா. சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்கள். “கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி, மருந்துக் கம்பனிகள் மறைக்கின்றன” என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. அந்த 10,000 எங்கிருந்து வந்தது? 1996இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த மரத்தின் விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு இரசாயனத்தை, ஆய்வுகூடத்தில் வளர்த்த ஒரு வகைக் குடல் புற்றுநோய்க் கலங்களில் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கலங்களில் அது அவ்வளவு வேகமாக வேலை செய்தது. பாத்திரத்தில் இருந்தது கலம், மனிதன் இல்லை. கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை அதே பாத்திரத்தில் போட்டாலும் புற்றுநோய்க் கலம் சாகும். நம்மில் யாராவது அதைக் குடிப்போமா? உடம்புக்குள் போய், மற்றக் கலங்களைக் கெடுக்காமல், கட்டியைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி. முள்சீத்தா அதைச் செய்கிறது என்று நோயாளிகளில் ஒப்பிட்டு எவரும் காட்டவில்லை. செய்தியை மறைத்ததாகச் சொல்கிறார்களே, அந்த ஆராய்ச்சியை அச்சிட்டு எவரும் வாசிக்கும்படிதான் வெளியிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரீபியன் கடலில் குவாதலூப் என்ற தீவில் இந்தப் பழமும் இலைச் சாயமும் சாதாரணமாக எடுப்பார்கள். அங்கே பார்க்கின்சன் நோய் போல நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வழக்கத்தைவிட அதிகம் என்றும், அப்படி வந்தவர்கள் இவற்றை நிறையச் சாப்பிட்டவர்கள் என்றும் 1999இல் டொக்டர்கள் எழுதினார்கள். பழம்தான் காரணம் என்று அது முடிவாக நிரூபிக்கவில்லை. வீட்டுப் பின்னால் காய்த்த ஒரு பழத்தைத் தின்றால் ஒன்றுமில்லை. நோயாளிக்கு மூன்று வேளையும் இலை அவித்துக் கொடுப்பது வேறு கதை.

“அக்கா ஆஸ்பத்திரிக்காரி, மூலிகை என்றால் பிடிக்காது” என்று நினைக்காதீர்கள். லயத்து வாசலில் நித்தியகல்யாணி பூக்கிறதே, பட்டிப்பூ, சிங்களத்தில் மினி மல் என்பார்களே, அதன் கதையைக் கேளுங்கள். ஜமெய்க்காவில் சீனி வருத்தத்துக்கு அந்த இலையை அவித்துக் குடிப்பார்கள். 1952இல் அங்கிருந்து கனடாவில் ஒரு டொக்டருக்குக் கொஞ்சம் இலை அனுப்பினார்கள். அவர் அதைத் தன் தம்பி ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார். நோபிளும், பியர் என்ற இரசாயன விஞ்ஞானியும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாயால் கொடுத்தபோது சீனி குறையவில்லை. ஊசியாகக் கொடுத்தபோது எலிகள் செத்தன. வேறு யாராவது என்றால் இலையைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இவர்கள் ஏன் செத்தன என்று பார்த்தார்கள். இரத்தத்தில் வெண்கலங்கள் குறைந்துபோய், கிருமி தொற்றிச் செத்திருந்தன. வெண்கலம் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! அந்த இடத்தில்தான் வழி திறந்தது. அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்று இரண்டு மருந்துகள் வந்தன. வின்கிறிஸ்டின் 1963இலிருந்து பாவனையில் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றும் அதை ஏற்றுகிறோம். ஒரு காலத்தில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இறந்த நோய் அது. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

அதற்காக வாசலில் பூத்ததைப் பறித்து அவிக்காதீர்கள். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். செடியாக அது விஷம். மருந்தாகவும் மிகக் கவனமாக, நரம்பு வழியாக மட்டும் ஏற்றுவது. ஆகவே மூலிகையா, இங்கிலிஷ் மருந்தா என்ற சண்டை எனக்கு இல்லை. சோதித்ததா, சோதிக்காததா என்பதுதான் என் கேள்வி.

சோதித்துத் தோற்றதும் உண்டு. அப்ரிகொட் பழக் கொட்டையிலிருந்து எடுக்கும் லேட்ரில் என்ற பொருளை “பி 17 வைட்டமின்” என்று பெயர் வைத்து விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள். அது வைட்டமினே இல்லை. 1970களில் அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் எடுத்தார்கள். மேயோ கிளினிக்கும் வேறு புற்றுநோய் நிலையங்களும் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டன. ஒருவருக்கும் குணமில்லை. நோயும் நிற்கவில்லை. சிலருடைய இரத்தத்தில் சயனைட் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. மரவள்ளியை மூடி போடாமல் நன்றாக அவிக்கச் சொல்வார்களே பெரியவர்கள், அதே நஞ்சுதான் இந்தக் கொட்டையிலும். ஹொலிவூட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் இந்த மாதிரி வைத்தியத்துக்காக மெக்சிக்கோ போனார். 1980இல் இறந்தார். காசு இல்லாததால்தான் நாம் ஏமாறுகிறோம் என்று நினைக்க வேண்டாம்.

இனி, உண்மையான செய்தி ஒன்று. 2022 ஜூனில் “புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், நூற்றுக்கு நூறு குணம்” என்று வந்தது. டொஸ்டார்லிமாப் என்ற ஊசி. நியூயோர்க்கில் பெயர்பெற்ற புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் 12 பேருக்கு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆறு மாதம் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி தெரியாமல் மறைந்தது. வெட்டவும் இல்லை, கதிர் பிடிக்கவும் இல்லை. பொய்யே இல்லை. நல்ல மருத்துவச் சஞ்சிகையில் வந்த செய்தி.

இங்கேதான் 1,700 ரூபாய்க் கேள்விகளைக் கேட்க வேண்டும். யாருக்கு? மலக்குடலில் வந்த புற்றுநோய்க்கு, அதுவும் வேறு உறுப்புக்குப் பரவாத நிலையில். அதிலும் ஒரு தனி வகைக்கு. நம் கலங்கள் பிரியும்போது எழுத்துப்பிழை விழும். செக்ரோலைப் பார்த்துத் திருத்துகிற மாதிரி அதைத் திருத்தும் ஏற்பாடு உடம்பில் இருக்கிறது. அந்தத் திருத்தும் வேலை கெட்டுப்போன கட்டிகளுக்குத்தான் இந்த ஊசி இப்படி வேலை செய்தது. மலக்குடல் புற்றுநோய் உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அந்த வகை. எத்தனை காலம் பார்த்தார்கள்? செய்தி வந்தபோது கொஞ்சக் காலம்தான். பிறகு ஆட்களைக் கூட்டினார்கள். 2024இல் 42 பேர் வரை முடிவு வந்தது, எல்லோருக்கும் மறைந்திருந்தது. அதாவது செய்தி நின்று பிடித்தது. விலை? அமெரிக்காவில் ஒரு ஊசி 11,000 டொலர் அளவில் இருந்தது.

அந்த நாட்களில் மார்புப் புற்றுநோய் வந்த ஒரு அம்மாவின் மகன் என்னிடம் தொலைபேசியைக் காட்டி, “இந்த ஊசிக்காகக் காத்திருக்கிறோம், அதுவரை கீமோ வேண்டாம்” என்றார். அந்த ஊசியின் செய்திக்கும் அவருடைய அம்மாவின் நோய்க்கும் தொடர்பே இல்லை. நல்ல செய்தியும் இப்படி உயிரை வாங்கும். உங்கள் நோயாளிக்கு அந்த வகைதானா என்று அறிய, ஏற்கனவே எடுத்த தசைத் துண்டில் சோதனை செய்யலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

டொக்டர்கள் தவறுவதில்லையா? தவறுகிறார்கள். 1980, 90களில் அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய் பெண்களுக்கு மிகப் பெரிய அளவில் கீமோ கொடுத்து, எலும்பு மச்சையைத் திரும்ப ஏற்றும் சிகிச்சை பரவியது. பார்த்தால் நியாயமாகத்தான் தெரிந்தது: கொஞ்ச மருந்து கொஞ்சம் கொல்லும், நிறைய மருந்து எல்லாவற்றையும் கொல்லும். பல்லாயிரம் பெண்கள் அந்தக் கொடுமையைத் தாங்கினார்கள். 1999இல் ஒப்பிட்டுப் பார்த்த முடிவுகள் வந்தபோது, சாதாரண சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் அதிகம் வாழவில்லை. நன்மை இருக்கிறது என்று சொன்ன தென்னாபிரிக்க டொக்டருடைய ஆராய்ச்சி மோசடி என்று அடுத்த வருடம் வெளிவந்தது. நம் நாட்டிலும் தரமில்லாத ஊசி மருந்து வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024இல் கைதானார். அதனால் சந்தேகப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சந்தேகத்தைப் போத்தல் விற்கிறவரிடமும் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவர் காட்டுவது என்ன? குணமானவரின் வீடியோ. செத்தவர் வீடியோ போடமாட்டார். குணமானவர் முதலில் ஒபரேஷன் செய்து, கதிர் பிடித்து, அதன் பிறகு போத்தல் குடித்தவராகவும் இருப்பார். அதை வீடியோவில் சொல்லமாட்டார்கள். நூறு பேருக்குக் கொடுத்தீர்களே, தொண்ணூற்றொன்பது பேர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். “எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து” என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். மார்பில் வருவதும் வாயில் வருவதும் இரத்தத்தில் வருவதும் வேறு வேறு நோய்கள். “ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு வா” என்றால் அந்த வாசலில் கால் வைக்காதீர்கள். “கட்டி சுருங்கியது” என்றால், சுருங்கியவர்கள் அதிகம் வாழ்ந்தார்களா என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றில்லை. “ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்” என்றால் எதில் பாதி? நூறு பேரில் 40 பேர் 20 ஆனாலும் பாதி, 2 பேர் ஒருவர் ஆனாலும் பாதி.

தோட்டத்தின் பெயர் சொல்லமாட்டேன். ஒரு தங்கச்சிக்கு மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஒபரேஷனுக்குத் திகதியும் கொடுத்தாயிற்று. யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, கத்தி பட்டால் பரவும் என்று பயம் காட்டி, மாதம் மாதம் போத்தல் கொடுத்தார். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது, புருஷனுடைய சேமலாப நிதியிலும் கை வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து அவர் வார்டுக்கு வந்தபோது கட்டி வெடித்திருந்தது, நெஞ்சிலும் பரவியிருந்தது. அவருடைய மூத்த மகளுக்கு அப்போது 11 வயது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் இப்படி ஆஸ்பத்திரிச் சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்த 281 பேரை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு 2018இல் எழுதினார்கள். இறக்கும் ஆபத்து மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். தொடக்கத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகிற நோய் என்பதால்தான் அங்கே நஷ்டம் அவ்வளவு பெரிது.

ஆனால் அந்த விற்பனைக்காரரிடம் சனம் ஏன் போகிறது? அவர் வீட்டுக்கு வருகிறார். தமிழில் பேசுகிறார். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கதை கேட்கிறார். கிளினிக்கில் விடியற்காலை போய் நின்றால் டொக்டரிடம் இரண்டு நிமிடம், அதுவும் விளங்காத மொழியில். போகிற நாளுக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. மகரகமவுக்கு முதல் நாள் இரவே பஸ் ஏற வேண்டும், கூடப் போகிறவருக்கும் இரண்டு நாள் வேலை போகும். மருந்து இலவசம், மருந்து வரைக்கும் போய்ச் சேர்வதுதான் இலவசமில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டதால் சொல்கிறேன்: கமிட்டிப் பணத்தைப் பஸ் காசுக்கும், தங்கும் இடத்துக்கும், மொழி தெரிந்த ஒருவர் கூடப் போவதற்கும் கொடுங்கள். போத்தலுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. தொடர் சிகிச்சையை அங்கே மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்பதைக் கம்பனியோடு பேசும்போது மேசையில் வைக்க வேண்டும். அது தலைவர்மாரின் வேலை.

“இனி குணமாக்க முடியாது” என்று சொல்லிவிட்ட நோயாளியின் வீட்டுக்குத்தான் போத்தல் விற்கிறவர் முதலில் வருவார். அந்த வீட்டாரைத் திட்டாதீர்கள். அவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது இருக்கிறது: வலிக்கு மோர்பின், மூச்சுத் திணறலுக்கு, புண் நாற்றத்துக்கு, தூக்கத்துக்கு மருந்து. “குணமாக்க முடியாவிட்டாலும் வலியில்லாமல் வைத்திருக்க என்ன செய்வீர்கள்?” என்று டொக்டரிடம் கேளுங்கள். வலி அடங்கிய ஒருவர் பேரப்பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சோதித்து நிரூபித்தவை சில, வீடியோ இல்லாமலே நம் பக்கத்தில் இருக்கின்றன. பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017இலிருந்து போடும் எச்.பி.வி. தடுப்பூசி, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். 35 வயதிலும் 45 வயதிலும் சுவநாரி கிளினிக்கில் செய்யும் சோதனை. மிட்வைப் அம்மாவைக் கேட்டால் நாள் சொல்வார். வெற்றிலை பற்றிச் சொன்னால் முன்வரிசையில் இரண்டு பேர் வாயை மூடிக்கொள்கிறீர்கள், பார்த்தேன். புகையிலை மட்டுமில்லை, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். வாயில் வெள்ளைத் தழும்போ, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் காட்டிவிடுங்கள்.

வீட்டில் யாராவது போத்தல், தூள், மாத்திரை என்று எடுத்துக்கொண்டிருந்தால், டொக்டரிடம் மறைக்க வேண்டாம். சில சரக்குகள் கீமோவோடு சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். இன்றைக்கும் யாரோ ஒரு போத்தலைப் பையில் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு அதை இந்த மேசையில் வையுங்கள். லேபலில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று சேர்ந்து வாசிப்போம். அதற்கு முன்னால், மூன்றாவது வரிசையில் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும் அக்கா, கேளுங்கள்.